ஓடினால் மட்டும் போதுமா... மூளையும் கூடவே ஓட வேண்டாமா?

டிசம்பர் மாதத்து அடைமழை நாள். அதிகாலை 5.40 மணி. அப்போது நான் வேறோர் இடத்தில், டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இரவு ஷிஃப்ட் முடிய இன்னும் ஒரு மணி நேரம்தான். ஆனால், மழை நாளில் அந்த ஒரு மணி நேரம்தான் தலைபோகிற நேரம். எந்தெந்த மாவட்டத்தில் பள்ளிகளுக்கு விடுமுறை என்று அறிவிப்புகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பிக்கும். தமிழ்நாடு முழுக்க அம்மாக்களும் அப்பாக்களும் பிள்ளைகளை எழுப்புவதா, வேண்டாமா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

என் கம்ப்யூட்டரில் பதினேழு டேப் திறந்திருந்தன. மூன்று வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு காதில் இயர்போன், டேபிளில் மூன்றாவது டீ. விழுப்புரம் மாவட்டத்துக்கு விடுமுறை என்று தகவல் வந்தது. நான் டைப் செய்து எல்லோருடைய போனுக்கும் அனுப்பிய நோட்டிஃபிகேஷன்: 'விருதுநகர் மாவட்டத்தில் இன்று பள்ளிகளுக்கு விடுமுறை.'

நான்கே நிமிடங்களில் தவற்றைக் கண்டுபிடித்துத் திருத்தினோம். ஆனால், நோட்டிஃபிகேஷன் வில்லிலிருந்து கிளம்பிய அம்பு மாதிரி. திரும்ப வராது. பத்து மணிவாக்கில் ஒருவர் எழுதியிருந்தார்.

"சார், உங்க செய்தியப் பாத்துட்டு பாப்பாவ ஸ்கூலுக்கு அனுப்பல. இன்னிக்கு அவளுக்கு அரையாண்டுப் பரீட்சை. இங்க நல்லா வெயில் அடிக்குது. பாத்துப் போடுங்க சார்."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தப் 'பாத்துப் போடுங்க சார்' என்பதுதான் இன்றும் காதில் கேட்கிறது. ஏனென்றால், நான் பார்த்துத்தான் போட்டேன். கண் பார்த்தது. கவனம்தான் வேறெங்கோ இருந்தது.

அதற்கப்புறம்தான் கவனம் என்றால் என்ன, அதை வளர்க்க முடியுமா என்று தேட ஆரம்பித்தேன். 'உடற்பயிற்சி செய்தால் மூளை சுறுசுறுப்பாகும்' என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி விஷயம்தான். மீதிப் பாதியை என் சித்தப்பா சொன்னார். அதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம்.

கவனம் என்பது டார்ச் லைட்டா, வாட்ச்மேனா?

கவனம் என்றால் ஒரு விஷயத்தின் மேல் டார்ச் அடிப்பது என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் பாதி வேலை, வேண்டாததை உள்ளே விடாமல் தடுப்பது. அதாவது, கவனம் என்பது ஒரு வாட்ச்மேனும்கூட.

ஒரு சின்ன சோதனை. ஒரு தாளில் 'சிவப்பு' என்று பச்சை மையால் எழுதுங்கள். 'நீலம்' என்று சிவப்பு மையால் எழுதுங்கள். இப்படி ஒரு பத்துச் சொல். இப்போது சொல்லைப் படிக்காமல், மையின் நிறத்தை மட்டும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். நாக்கு தடுமாறும். படிக்கத் தெரிந்த மூளைக்கு, படிக்காமல் இருப்பது அவ்வளவு கஷ்டம். ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்ற உளவியலாளர் 1935-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது இது. இன்றைக்கும் கவனத்தை அளக்க இதைப் பயன்படுத்துகிறார்கள்.

இன்னொன்று, அம்புக்குறி சோதனை. வரிசையாக ஐந்து அம்புக்குறிகள். நடுவில் இருப்பது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். சுற்றியிருக்கும் நான்கும் எதிர்ப்பக்கம் பார்த்தால், நம் விரல் தப்பான பட்டனுக்குப் போகும். என் டெஸ்க்கில் நடந்ததும் இதேதான். நடுவில் ஒரு மாவட்டம், சுற்றிலும் முப்பது சத்தம்.

இருபது நிமிட நடை என்ன செய்யும்?

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹில்மன் குழு 2009-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒன்பது, பத்து வயதுள்ள 20 குழந்தைகள். ஒருநாள் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு சோதனை எழுதினார்கள். இன்னொரு நாள் டிரெட்மில்லில் 20 நிமிடங்கள் நடந்துவிட்டு, இதயத்துடிப்பு பழைய நிலைக்கு வந்த பிறகு எழுதினார்கள். நடந்த நாளில், அந்தக் குழப்பும் அம்புக்குறி மாதிரியான சோதனையில் சரியான விடைகள் கூடின. வாசித்துப் புரிந்துகொள்வதிலும் மதிப்பெண் கூடியது.

அப்படியென்றால் நடந்தாலே போதுமே? அங்கேதான் ஜெர்மனியில் நடந்த இன்னோர் ஆய்வு சுவாரஸ்யமாகிறது. ஹென்னிங் புட்டே குழு 2008-ல் வெளியிட்டது. 13 முதல் 16 வயது வரையிலான 115 மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான விளையாட்டு வகுப்பு. இன்னொரு குழுவுக்குப் பந்து, இரண்டு கை, இரண்டு கால், கண் என எல்லாவற்றையும் ஒருங்கிணைத்துச் செய்யவேண்டிய பயிற்சி. இரண்டுமே பத்து நிமிடங்கள்தான். இதயத்துடிப்பும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது.

பிறகு 'டி2' என்ற கவனத் தேர்வு வைத்தார்கள். வரிசை வரிசையாக ஆங்கில எழுத்துகளும், அவற்றின் மேலும் கீழும் சின்னச் சின்னக் கோடுகளும் இருக்கும். இரண்டு கோடு உள்ள 'டி' எழுத்தை மட்டும் தேடித் தேடி அடிக்க வேண்டும். இரண்டு குழுவும் முன்னேறின. ஆனால், ஒருங்கிணைப்புப் பயிற்சி செய்த குழு கூடுதலாக முன்னேறியது.

வேர்வை ஒன்றுதான், நேரமும் ஒன்றுதான். வித்தியாசம், உடம்பு ஆடும்போது மூளைக்கும் வேலை இருந்ததா என்பதுதான்.

"ஓடுறதுக்குக் கால் போதும் பாப்பா..."

இதைப் படித்த அன்று மன்னார்குடிப் பக்கம் இருக்கும் என் சித்தப்பாவுக்கு போன் போட்டேன். இளவயதில் ஊர் டீமில் கபடி ஆடியவர். இப்போதும் சாயங்காலமானால் பையன்களை வைத்துக்கொண்டு களத்தில் நிற்பார்.

"இதுக்குப் போயி ஜெர்மனிக்காரன் ஆராய்ச்சி பண்ணணுமா?" என்று சிரித்தார். "ஓடுறதுக்குக் கால் போதும் பாப்பா. பாடப் போறவனுக்கு அது பத்தாது. எதிர்ல ஏழு பேரு. எவன் கணுக்கால புடிக்க வர்றான், எவன் செயின் போடுறான், கோடு எங்க இருக்கு, மூச்சு எவ்ளோ மிச்சம்னு அத்தனையும் அந்த நொடியில பாக்கணும். ஒரு நொடி வேடிக்கை பாத்தா, மண்ணைக் கவ்விட்டுதான் வரணும்."

யோசித்துப் பாருங்கள். ஒரு ரைடுக்கு 30 விநாடி. 'கபடி கபடி' என்று விடாமல் பாட வேண்டும். எதிரணியில் ஆறு பேராவது நின்றால்தான் போனஸ் பாயின்ட் கிடைக்கும் என்பதால் தலையையும் எண்ண வேண்டும். தொட வேண்டும், தப்பிக்க வேண்டும், திரும்பி வர வேண்டும். உடம்பு உச்சத்தில் இருக்கும்போதே மூளை கணக்குப் போடுகிறது.

விளையாட்டு அறிவியலில் இதைத் 'திறந்த திறன்' விளையாட்டு என்பார்கள். எதிராளி என்ன செய்வார் என்று முன்கூட்டியே தெரியாத ஆட்டங்கள். கபடி, இறகுப்பந்து, டேபிள் டென்னிஸ், கால்பந்து, இருவர் மோதும் சிலம்பம் எல்லாம் இந்த வகை. டிரெட்மில்லில் ஓடுவது, நீச்சல் குளத்தில் ஒரே சீராக நீந்துவது போன்றவை 'மூடிய திறன்'. இரண்டுமே உடம்புக்கு நல்லதுதான். ஆனால், மூளைக்குக் கிடைக்கும் வேலை வேறு.

இருபதுகளில் இருப்பவர்களுக்குப் பலன் உண்டா?

'குழந்தைகள், பள்ளி மாணவர்கள் சரி... எனக்கு 24 ஆயிற்றே' என்ற சந்தேகம் எனக்கும் வந்தது. இளைஞர்களை வைத்தே நடந்த சில ஆய்வுகளைத் தேடிப் படித்தேன்.

முதலாவது, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம், 2018. முதலாண்டு மாணவர்களுக்கு 50 நிமிட வீடியோ பாடம். ஒரு குழுவுக்கு இடைவேளையே கிடையாது. இன்னொரு குழுவுக்கு மூன்று முறை ஐந்து நிமிட இடைவேளை, அதில் கம்ப்யூட்டர் கேம் ஆடலாம். மூன்றாவது குழுவுக்கும் அதே மூன்று ஐந்து நிமிடங்கள், ஆனால் எழுந்து நின்று குதித்து உடற்பயிற்சி செய்ய வேண்டும். கடைசிவரை பாடத்தில் கவனம் நின்றதும், பாடம் நன்றாக நினைவில் தங்கியதும் உடற்பயிற்சி செய்த குழுவுக்குத்தான். நாம் இடைவேளை என்றதும் எதைக் கையில் எடுக்கிறோம் என்று யோசித்தால் கொஞ்சம் உறுத்துகிறது.

இரண்டாவதும் மெக்மாஸ்டர்தான். 2017-ல் ஜெனிஃபர் ஹெய்ஸ் குழு வெளியிட்டது. 95 இளைஞர்கள், ஆறு வாரங்கள். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி மட்டும். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சியோடு மூளைப் பயிற்சியும். ஒரு குழுவுக்கு எதுவும் இல்லை. பிறகு, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் விஷயங்களைக் குழப்பிக்கொள்ளாமல் பிரித்து நினைவு வைக்க முடிகிறதா என்று சோதித்தார்கள். பயிற்சி செய்த இரண்டு குழுக்களும் முன்னேறின. சும்மா இருந்த குழு முன்னேறவில்லை. இன்னொரு விஷயம், உடற்பயிற்சியால் உடல் தகுதி நன்றாக ஏறியவர்களுக்கு, மூளைப் பயிற்சியையும் சேர்த்துச் செய்தபோது கூடுதல் பலன் தெரிந்தது.

ஒரே மாதிரி இருப்பதைக் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது! விழுப்புரம், விருதுநகர் என்று தடுமாறிய எனக்கு அந்த வரியைப் படித்தபோது யாரோ தோளைத் தட்டியது போல இருந்தது.

மூன்றாவது, 2015-ல் டேவிட் மோரோ குழு வெளியிட்ட ஆய்வு. ஒரு குழு ஏரோபிக் உடற்பயிற்சி செய்தது. இன்னொரு குழு உட்கார்ந்த இடத்தில் நினைவாற்றல் பயிற்சி செய்தது. மூன்றாவது குழு, உடம்பும் மூளையும் ஒரே நேரத்தில் உழைக்கும்படி வடிவமைத்த விளையாட்டை ஆடியது. எட்டு வாரங்களுக்குப் பிறகு, மூளைத்திறன் சோதனைகளில் அதிக முன்னேற்றம் காட்டியது மூன்றாவது குழுதான். ரத்த அழுத்தமும் குறைந்திருந்தது.

இவற்றைப் படித்ததும் 'ஆஹா, கண்டுபிடிச்சிட்டோம்' என்று துள்ளக் கூடாது. இல்லினாயில் 318 இளைஞர்களை வைத்து நான்கு மாதம் நடத்திய பெரிய ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. கம்ப்யூட்டரில் மூளைப் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட, அதோடு உடற்பயிற்சி முதலானவற்றையும் சேர்த்துச் செய்தவர்கள் அந்தப் பயிற்சிகளை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். நல்ல செய்திதான். ஆனால், ஒரு பயிற்சியை வேகமாகக் கற்றுக்கொள்வது வேறு, அந்தத் திறமை அப்படியே குரூப்-4 தேர்விலும் ஆபீஸ் வேலையிலும் வந்து உட்காருவது வேறு. இளம் வயதில் மூளை ஏற்கெனவே நல்ல நிலையில்தான் இருக்கும். அதனால் மலையளவு மாற்றத்தை எதிர்பார்க்க முடியாது. ஆகையால், 'மூன்றே நாளில் கவனம் இரு மடங்கு' என்று எந்த ஆப் விளம்பரம் செய்தாலும், பணம் கட்டும் முன் ஒருமுறை மூச்சை இழுத்து விட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

வேகமாக நடக்கிறோம், குதிக்கிறோம். இதயம் வேகமாகத் துடிக்கிறது. விழிப்போடு இருக்க உதவும் நார்அட்ரினலின், டோபமைன் போன்ற ரசாயனங்கள் மூளையில் கூடுகின்றன. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைதான் நம் வாட்ச்மேன். அதற்கு இந்த ரசாயனங்கள் அளவோடு கிடைத்தால் உற்சாகம். உடற்பயிற்சி 'பி.டி.என்.எஃப்' என்ற புரதத்தையும் கூட்டுகிறது. நரம்பு செல்கள் புது இணைப்புகளை உண்டாக்க உதவுவது இது. செடிக்குப் போடும் உரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உரம் போட்டால் மட்டும் போதுமா? விதையும் வேண்டுமே. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும்போதுதான் அந்த இணைப்புகளுக்கு வேலை வருகிறது. அதனால்தான் உடற்பயிற்சியோடு மூளைக்கு ஒரு சவாலும் சேரும்போது பலன் கூடலாம் என்று விஞ்ஞானிகள் நினைக்கிறார்கள்.

இதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களுக்கு மூன்று பந்துகளை மாற்றி மாற்றித் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் வித்தையைக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகு ஸ்கேன் எடுத்தால், அசைவுகளைக் கவனிக்கும் மூளைப் பகுதி சற்று வளர்ந்திருந்தது. அடுத்த மூன்று மாதம் பயிற்சியை நிறுத்தினார்கள். வளர்ந்தது பெருமளவு சுருங்கிவிட்டது. 2004-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு இது. மூளையிலும் வாடகைக்குத்தான் குடியிருக்கிறோம். வாடகையை நிறுத்தினால் காலி செய்யச் சொல்லிவிடும்!

அப்போ, நடந்துகொண்டே ரீல்ஸ் பார்த்தால்?

என் ரூம்மேட் கேட்ட கேள்வி இது. "நானும்தான் டிரெட்மில்லுல நடந்துக்கிட்டே மெயிலுக்குப் பதில் போடுறேன். உடம்பும் ஆடுது, மூளையும் ஓடுது. இது ஓகேவா?"

ஓகே இல்லை. கபடியில் உடம்பு செய்வதும் மூளை செய்வதும் ஒரே குறிக்கோளுக்காக. தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். நடந்துகொண்டே மெயில் அனுப்பும்போது, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு வேலைகள் ஒரே வாட்ச்மேனைப் பிடித்து இழுக்கின்றன. இரண்டிலும் தவறு கூடும். ரோட்டில் என்றால், உயிருக்கே ஆபத்து.

'அப்படியானால் நம் அவதானிகள்?' என்று பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னையில் சதாவதானம் செய்து காட்டியவர். முதுகில் விழும் கற்களை எண்ணுவது, மணியோசையைக் கணக்கு வைப்பது, நடுவே கேட்ட பொருளில் பாட்டும் கட்டுவது என்று அசரவைக்கும் கலை அவதானம். ஆனால், அது பல ஆண்டு சாதகம். அரங்கில் உட்கார்ந்து, அதற்காகவே மனத்தைத் தயார் செய்து செய்வது. பஸ் ஏறும்போது வாட்ஸ்அப் பார்ப்பதற்கு அதைத் துணைக்கு அழைக்க முடியாது.

மொட்டை மாடியில் ஆறு வாரம்

படித்ததோடு விடாமல், எங்கள் ஹாஸ்டல் மொட்டை மாடியில் மூன்று பேர் சேர்ந்து முயற்சி செய்தோம். நான், சி.ஏ. படிக்கும் ஒரு தோழி, ஐ.டி. கம்பெனியில் டெஸ்டிங் வேலை செய்யும் ஓர் அக்கா. வாரத்தில் ஐந்து நாள், தினமும் இருபது நிமிடம். செலவு, ஒரு ரப்பர் பந்தும் நான்கு கலர் சாக்பீஸும். நாங்கள் ஆடியவை இவை.

சுவர்ப் பந்து: சுவரில் பந்தை அடித்து, வலது கை, இடது கை என மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். பிடித்துக்கொண்டே நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துச் சொல்ல வேண்டும். 100, 97, 94... பந்தோ கணக்கோ தவறினால் முதலிலிருந்து. முதல் நாள் எழுபதைத் தாண்டுவதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது.

கலர் கட்டம்: தரையில் நான்கு கலரில் நான்கு கட்டம். ஒருவர் கலரைச் சொல்ல, மற்றவர் தாவ வேண்டும். ஒரு நிமிடம் ஆனதும் விதி மாறும். 'சிவப்பு' என்றால் பச்சைக்குத் தாவ வேண்டும், 'நீலம்' என்றால் அசையவே கூடாது. ஸ்ட்ரூப் சோதனையைக் காலால் எழுதுவது மாதிரி.

எதிர்க்கட்டளை: 'இடது' என்றால் வலப்பக்கம் ஓட வேண்டும். 'உட்கார்' என்றால் குதிக்க வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் கட்டளை போடும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். இரக்கமே காட்ட மாட்டார்கள்!

சனி, ஞாயிறில் இறகுப்பந்து. மழை பெய்தால் அறைக்குள்ளே கல்லாங்காய். ஆம், ஐந்து கல் ஆட்டம்தான். ஒரு கல் மேலே போய்த் திரும்புவதற்குள் தரையில் இருப்பதை அள்ள வேண்டும். கண், கை, கணக்கு மூன்றும் சேர்ந்த அந்த ஆட்டத்தை நம் பாட்டிகள் திண்ணையிலேயே ஆடியிருக்கிறார்கள். வேர்க்காது, அது ஒன்றுதான் குறை. நொண்டி ஆட்டம் அந்தக் குறையையும் தீர்த்துவிடும்.

செய்யும் முன் சில விஷயங்கள்

முதல் ஐந்து நிமிடம் சாதாரணமாக நடந்து உடம்பைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஆடும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுதான் மிதமான வேகம். மூச்சிரைத்துக் கண் இருட்டும் அளவுக்கு ஓடினால், அந்த நேரத்தில் மூளைக்குச் சவாலும் ஏறாது, ஒன்றும் ஏறாது.

ஆட்டம் எளிதாகிவிட்டால் விதியை மாற்றுங்கள். தவறே வரவில்லை என்றால், மூளை 'ஆட்டோ பைலட்'டில் போய்விட்டது என்று அர்த்தம். பத்து முறைக்கு இரண்டு, மூன்று தவறு வரும் அளவில் வைத்துக்கொண்டோம். எங்களுக்குச் சரியாக இருந்தது.

இதய நோய், ரத்த அழுத்தம், மூட்டுவலி இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பெரியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பந்தைத் தூக்கிப்போட்டுப் பிடித்து, ஒவ்வொரு முறையும் ஒரு காய்கறி பெயர், ஒரு ஊர் பெயர் என்று மாற்றி மாற்றிச் சொல்லலாம். தடுமாறி விழும் பயம் இருந்தால் தாவும் ஆட்டங்கள் வேண்டாம்.

வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி பெரியவர்களுக்குத் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த ஆட்டங்களையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளலாம். புதிதாக நேரம் தேட வேண்டாம்.

எனக்கு என்ன மாறியது?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆறு வாரத்தில் நான் அவதானி ஆகிவிடவில்லை. மதியம் மூன்று மணிக்கு வரும் அந்த மந்தம் குறைந்தது. ஒரு செய்தியைப் படிக்கும்போது நடுவில் போனை எடுக்கும் பழக்கம் குறைந்தது. சி.ஏ. தோழி, 'ஒரே பக்கத்தை மூணு தடவ படிக்கிறது இல்ல இப்போ' என்கிறாள். டெஸ்டிங் அக்காவுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால், ராத்திரி நல்ல தூக்கம் வருகிறதாம்.

இது ஆட்டத்தால் வந்ததா, அந்த இருபது நிமிடம் போன் அறையிலேயே இருந்ததால் வந்ததா, மூன்று பேர் சேர்ந்து சிரித்ததால் வந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. எங்கள் மொட்டை மாடி ஆய்வுக்கூடம் இல்லையே. மூன்றுமே நல்லதுதான் என்று மட்டும் தெரிகிறது.

இன்னொன்றும் புரிந்தது. கவனம் சிதறுவது எல்லாமே நம் குற்றம் இல்லை. தூக்கம் கெட்டு, இரவு முழுக்க விழித்து, பதினேழு டேப்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவரிடம் போய் 'பந்து விளையாடு, சரியாகிவிடும்' என்று சொன்னால் அது கிண்டல். தூக்கத்துக்கு மாற்று எந்தப் பயிற்சியும் கிடையாது. சின்ன வயதிலிருந்தே கவனம் நிற்பது பெரிய பிரச்னையாக இருந்து, படிப்பும் வேலையும் பாதிக்கப்பட்டால், 'சோம்பேறி' என்று உங்களையே திட்டிக்கொள்ளாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது ஏ.டி.ஹெச்.டி-யாக இருக்கலாம். அதற்கு முறையான சிகிச்சை உண்டு.

அந்த விருதுநகர் அப்பாவுக்கு அன்றே மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதினேன். மதியம் அவரிடமிருந்து பதில் வந்தது. "பரவால்ல மேடம். டீச்சர்கிட்ட பேசிட்டேன். வேற நாள்ல எழுத விடுறேன்னாங்க." அதைப் படித்த பிறகுதான் எனக்கு அன்று சாப்பாடு இறங்கியது.

இப்போது எனக்கென்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எந்த நோட்டிஃபிகேஷனையும் உட்கார்ந்த இடத்திலிருந்து அனுப்புவதில்லை. நாற்காலியை விட்டு எழுந்து, பத்தடி நடந்து, பக்கத்து டேபிளில் இருப்பவரிடம் ஊர் பெயரை வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டு வருவேன். உடம்புக்குப் பத்தடி, மூளைக்கு ஒரு சவால்.

போன மழையில் ஒருநாள் விருதுநகருக்கு நிஜமாகவே விடுமுறை விட்டார்கள். எழுந்து போய்ப் படித்துக் காட்டினேன். திரும்பி வந்து உட்கார்ந்தவள், மறுபடியும் எழுந்து போனேன்.

"அண்ணா, விருதுநகர்தானே?"

"விருதுநகர்தாம்மா. மூணு தடவ பாத்துட்டேன். அனுப்பு."

அனுப்பினேன்.

(அடுத்த வாரம் சந்திப்போம்!)